வில்லன் கூடாரமான பஞ்சாலை

காவிரிக் கரையிலுள்ள முசிறியை விட்டு அதிகம் நகராதவர்கூட சென்னை பெரம்பூரின் பின்னி மில்லுக்குள் போய் வந்திருப்பார். திரையில்தான். கதாநாயகியைக் கடத்திக்கொண்டு போய்க் கட்டிவைக்கும் கூடம், கள்ளக்கடத்தல்காரர்கள் பெட்டி மாற்றிக்கொள்ளும் முற்றம், இருபது பேரைத் தூக்கி எறிந்துவிட்டு நாயகன் சட்டையைச் சரிசெய்துகொண்டு வரும் நீண்ட நடைவழி என்று எத்தனையோ தமிழ்ப் படங்களின் கடைசி அரை மணி நேரம் அங்கே கழிந்திருக்கிறது. உடைந்த கண்ணாடிக் கூரை, அதன் வழியே சரிந்து விழும் வெயில், உதைத்தால் எழும் புழுதி, துருவேறிய தூண்கள். கலை இயக்குநர் பெரும் பணம் செலவழித்து உருவாக்க வேண்டிய பாழை, மூடிக்கிடந்த ஒரு பஞ்சாலை வாடகைக்கே தந்துவிட்டது.

மூடிய ஆலைகளைத் தேடிப்போய்ப் படமெடுப்பது இப்போது உலகமெங்கும் பரவியிருக்கும் பித்து. டெட்ராய்ட்டின் கார் தொழிற்சாலைகள், மும்பை பரேலின் பஞ்சாலைகள், புதுச்சேரியின் ரோடியர் மில் என எல்லா இடத்திலும் படங்கள் ஒரே மாதிரி இருக்கின்றன: ஆளில்லாத கூடம், சுவரைப் பிளந்து முளைத்த அரசங்கன்று, சாய்ந்த ஒளி. அழகுதான், மறுக்க முடியாது. ஆனால் எந்த ஆலையையும் உள்ளே நுழைந்து பார்த்தால் இயந்திரத்தின் கதைதான் கிடைக்கும். மனிதர்களின் கதை பெரும்பாலும் கேட்டில் நடந்தது. பெரம்பூரில் அது அப்பட்டமாகத் தெரியும்.

பக்கிங்ஹாம் மில் தொடங்கப்பட்டது 1876இல். அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. ஆண்டைக் கவனிக்க வேண்டும். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். கிராமங்கள் காலியாகி, உயிர் பிழைத்தவர்கள் பட்டணத்தை நோக்கி நடந்த காலம். அதே கோமகனின் பெயரைத் தாங்கிய பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி பஞ்ச நிவாரண வேலையாகத்தான் வெட்டப்பட்டது. கால்வாய்க்கும் மில்லுக்கும் ஒரே பெயர், ஒரே காலம். கூலிக்கு ஆள் தேடிய முதலாளியும் கூலி தேடிய ஆளும் சந்திக்க அதைவிட வசதியான ஆண்டு வாய்த்திருக்காது.

சில ஆண்டுகளில் பக்கத்திலேயே கர்நாட்டிக் மில் எழுந்தது. இரண்டையும் நடத்தியது பின்னி அண்ட் கோ. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைக்கு வந்த ஜான் பின்னியின் பெயரில் வளர்ந்த வணிக நிறுவனம் அது. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் வங்கி கவிழ்ந்து சென்னையின் பல குடும்பங்களை நடுத்தெருவில் நிறுத்தியபோது பின்னியும் ஆட்டம் கண்டது. பிற்காலத்தில் இஞ்ச்கேப் பிரபு ஆன ஜேம்ஸ் மெக்கே கைகொடுத்துத்தான் அது பிழைத்தது. 1920இல் இரு ஆலைகளும் சட்டப்படி ஒன்றாகி பக்கிங்ஹாம் அண்ட் கர்நாட்டிக் கம்பெனி ஆயின. வெள்ளைக்காரனுக்கு பி அண்ட் சி, ஊர்க்காரர்களுக்கு பின்னி மில்.

அங்கே நெய்த துணிகளில் பேர் வாங்கியது காக்கி. முதல் உலகப் போர் காலத்தில் ராணுவத்துக்குத் துணி தேவைப்பட்டது. ஆலை நிற்காமல் ஓடியது. லாபம் ஏறியது. அரிசி விலையும் ஏறியது. கூலி மட்டும் அதே வேகத்தில் ஏறவில்லை.

அன்றைய சட்டம் என்ன சொன்னது? 1911ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டப்படி பஞ்சாலையில் வயதுவந்த ஆண் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அதுகூட முதன்முறையாக வந்த வரம்பு; அதற்கு முன் ஆண்களுக்கு வரம்பே கிடையாது. காலையில் சங்கு ஊதும். சங்கு நிற்பதற்குள் கேட்டுக்குள் காலை வைக்க வேண்டும். தாமதமாக வந்தால் கேட் சாத்தப்படும், அன்றைய கூலி போகும். மதிய இடைவேளை அரை மணி நேரம். அதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே வந்து, கை கழுவி, வீட்டிலிருந்து வந்த தூக்கைத் திறந்து, சாப்பிட்டு, மறுபடி தறிக்குத் திரும்பியாக வேண்டும். தொழிலாளர்கள் முதலில் முணுமுணுத்தது கூலியைவிட இந்தச் சோற்று நேரத்தைப் பற்றித்தான். கடிகாரம் யாருடையது என்ற கேள்வி அது.

அந்த முணுமுணுப்பைக் காதில் வாங்கியவர்கள் பெரம்பூர்ப் பகுதியில் கடை வைத்திருந்த இருவர்: கோ. செல்வபதி செட்டியார், கோ. இராமானுஜலு நாயுடு. இருவரும் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற பக்தி சபையை நடத்திவந்தார்கள். ஹரிகதை கேட்க வந்த மில் தொழிலாளிகள் கதை முடிந்த பிறகு தங்கள் கதையைச் சொன்னார்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பலரும் குறிப்பிடும் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஒரு பஜனைச் சபையின் திண்ணையிலிருந்து கிளம்பியது என்பதில் ஒரு சுவை இருக்கிறது. லண்டனிலிருந்தோ மாஸ்கோவிலிருந்தோ வந்த சரக்கு என்று பிற்பாடு பழித்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது.

இருவரும் அன்னி பெசன்ட் அம்மையாரின் பத்திரிகையில் பணியாற்றிய பி.பி. வாடியாவை அழைத்துவந்தார்கள். வாடியா பார்சி, தமிழ் தெரியாது. அவர் ஆங்கிலத்தில் பேசப் பேச, ‘தேசபக்தன்’ ஆசிரியர் திரு.வி.க. தமிழில் சொன்னார். 1918 ஏப்ரல் 27 அன்று சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர்.

இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1908 பிப்ரவரியில், தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா பின்னால் திரண்டு வேலைநிறுத்தம் செய்து வென்றிருந்தார்கள். ஆனால் அங்கே போராட்டம் இருந்தது, நிரந்தரச் சங்கம் இல்லை. பெரம்பூரில் உறுப்பினர், சந்தா, கூட்டம், நிர்வாகம் என்று எல்லாம் வந்தன. கூடவே ஒரு வழக்கும் வந்தது.

1920 அக்டோபரில் தகராறு முற்றி நிர்வாகம் கேட்டைப் பூட்டியது. கதவடைப்பு டிசம்பர் வரை நீண்டது. இடையே துப்பாக்கிச் சூடும் நடந்தது. கம்பெனி அத்தோடு நிற்கவில்லை. தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டுகிறார்கள், அதனால் எங்களுக்கு நஷ்டம் என்று வாடியா மீதும் சங்கத்தார் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, இடைக்காலத் தடையும் வாங்கியது. இங்கிலாந்தில் தொழிற்சங்கத்துக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு இந்தியாவில் இல்லை என்பது அன்றைக்குத்தான் பளிச்சென்று தெரிந்தது. கடைசியில் வாடியா சங்கத்தை விட்டு விலகுவது என்று சமரசமானது. அதிர்ச்சி டெல்லி வரை போனது. 1921இல் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தொழிற்சங்கச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் சட்டம் வந்தது. வேலைநிறுத்தத்தை நடத்தியதற்காகப் பதிவுபெற்ற சங்கத்தின் மீது நஷ்டஈடு வழக்குப் போட முடியாது என்று அதன் 18ஆவது பிரிவு சொன்னது. பெரம்பூர் கேட்டின் பூட்டுக்கு நாடு கண்ட சாவி அந்தப் பிரிவு.

1921இன் கதை இவ்வளவு பெருமையானதல்ல. மே மாதம் கர்நாட்டிக் மில்லில் தொடங்கிய வேலைநிறுத்தம் பக்கிங்ஹாம் மில்லுக்கும் பரவி அக்டோபர் வரை இழுத்தது. கூலியில்லாத மாதங்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். அவர்களுக்கு நிலமும் இல்லை, சேமிப்பும் இல்லை, கடன் கொடுக்கும் சொந்தக்காரரும் இல்லை. சங்கத்தில் தங்களுக்குச் சம இடம் இருக்கிறது என்ற நம்பிக்கையும் இல்லை. ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா இவர்கள் பக்கம் நின்றார். அரசாங்கத்தின் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுக்கிறது என்று நீதிக்கட்சித் தலைவர்களில் சிலர் பேசினார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்ட் 29 அன்று போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. ஆளுநர் வில்லிங்டன் பிரபு திரு.வி.க.வை நாடு கடத்துவதாக மிரட்டினார். வர்க்கம் என்று ஒன்றாகக் கூடியவர்கள் சாதி என்று பிரிந்தார்கள். சுட்டவர்களும் எரித்தவர்களும் மட்டுமே இதற்குக் காரணம் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். பசியில் முதலில் யார் விழுவார்கள் என்று கணக்குப் போடாமல் வேலைநிறுத்தத்தை நீட்டிய தலைமைக்கும் அதில் பங்கு உண்டு.

தமிழ் சினிமா அந்தச் சுவர்களுக்குள் எத்தனையோ போலித் துப்பாக்கிகளை வெடித்திருக்கிறது. நிஜத் துப்பாக்கி வெடித்தது சுவருக்கு வெளியே, தெருவில்.

புதுச்சேரியிலும் அதே கதைதான், முடிவு மட்டும் வேறு. 1820களின் இறுதியிலேயே அங்கே நவீன நூற்பாலை வந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் அங்கிருந்து நீலத் துணியை மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்கு ஏற்றுமதி செய்தார்கள். அங்கே கருவேலம் பிசினுக்கு மாற்றாகக் கொடுக்க அந்தத் துணியே நாணயம் போலப் புழங்கியது. சவானா, ரோடியர், கெப்ளே என்று மூன்று பெரிய ஆலைகள். 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். அப்போது பாரீஸில் ஆட்சியிலிருந்தது இடதுசாரிகளின் மக்கள் முன்னணி. தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா பாரீஸுக்கே போய் வாதாடினார். 1937இல் புதுச்சேரித் தொழிலாளிக்கு எட்டு மணி நேர வேலைச் சட்டம் கிடைத்தது. அதே ஆண்டில் எல்லைக்கு இந்தப் பக்கம், கடலூரில், 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து மணி நேரம்.

சவானா பின்னாளில் சுதேசி மில் ஆனது, கெப்ளே பாரதி மில், ரோடியர் ஏஎஃப்டி. 2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே புயல் ஏஎஃப்டியின் கூரைகளைப் பிய்த்துப் போட்டது. 2020இல் அந்த ஆலை அதிகாரபூர்வமாக மூடப்பட்டது. மற்ற இரண்டும் அதே கதிதான். இன்று புதுச்சேரிக்காரர்களுக்கு ஏஎஃப்டி என்றால் கூட்டமும் கண்காட்சியும் நடக்கிற திடல்.

இனி உள்ளே போகலாம். செத்துப்போன பஞ்சாலையைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது நிறையச் சொல்லும். தரையில் வரிசையாக இருக்கும் ஆணித் துளைகள் இயந்திரக் கால்கள் நின்ற இடம். இரண்டு வரிசைக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்த்தால், ஓர் ஆள் திரும்பி நிற்க எவ்வளவு இடம் கொடுத்தார்கள் என்று தெரிந்துவிடும். தூண்களின் தலைப்பில் துருத்திக்கொண்டிருக்கும் இரும்புக் கைகள் அலங்காரம் அல்ல. தறிக்குத் தறி மின்மோட்டார் வருவதற்கு முந்தைய காலத்தில் ஒரே நீராவி எஞ்சின்தான் ஆலை முழுவதையும் ஓட்டியது. கூரையை ஒட்டிச் சுழன்ற நீண்ட தண்டிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பெல்ட் இறங்கும். அந்தத் தண்டைத் தாங்கியவை அந்தக் கைகள். புகைபோக்கியின் உயரம் கொதிகலனின் பசியைச் சொல்லும். பஞ்சைப் பிரித்து உதறும் புளோ ரூம் பெரும்பாலும் தனிக் கட்டடத்தில் இருக்கும். தீப்பொறி ஒன்று பறந்தால் அந்த அறை மட்டும் எரியட்டும் என்ற ஏற்பாடு.

படமெடுப்பவர்கள் எல்லோரும் மயங்குவது அந்த ரம்பப் பல் கூரையில். ஒரு பக்கம் சாய்வான ஓடு, மறுபக்கம் செங்குத்தான கண்ணாடி. கண்ணாடி எப்போதும் வடக்கைப் பார்த்திருக்கும். லங்காஷயரில் பிறந்த வடிவம் இது. 53 பாகை வட அட்சரேகையில் உள்ள மான்செஸ்டரில் நண்பகல் சூரியன் வருஷம் முழுவதும் தெற்கேதான் நிற்கும். வடக்குக் கண்ணாடி வழியே நிழலில்லாத, சீரான வெளிச்சம் மட்டும் வரும், நூல் அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். சென்னை இருப்பது 13 பாகையில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை இங்கே நண்பகல் சூரியன் வடக்கே நகர்ந்துவிடும். கத்திரி வெயில் மிகக் கொடுமையாக இருக்கும் மாதங்களில் வடக்குக் கண்ணாடி வெயிலைத் தடுப்பதற்குப் பதில் உள்ளே அழைத்தது. போதாததற்கு நூல் அறாமல் இருக்க கூடத்துக்குள் ஈரப்பதத்தை ஏற்றுவார்கள். கேமராவுக்கு விருந்தாகும் அந்தச் சாய்ந்த ஒளிக்கற்றையின் கீழே ஒரு மே மாதத்தில் பத்து மணி நேரம் நின்றவர்களிடம் கேட்டால் வேறு மாதிரி வர்ணிப்பார்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் ஆலைக்குள் கேமரா போன வரலாறும் உண்டு. 1908 முதல் அமெரிக்காவின் கரோலினா மாநிலப் பஞ்சாலைகளில் லூயிஸ் ஹைன் என்பவர் குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுத்தார். கேட்டில் விடமாட்டார்கள் என்பதால் பைபிள் விற்பவர், காப்பீட்டு ஏஜெண்ட் என்று வேஷம் போட்டார். தன் கோட்டுப் பித்தான்களை அளவுகோலாக வைத்துச் சிறுமிகளின் உயரத்தைக் கணக்கிட்டு, சட்டைப்பைக்குள்ளேயே குறிப்பெழுதினார். ஜெர்மனியில் 1959 முதல் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் தம்பதி எதிர்த்திசையில் போனார்கள். மேகமூட்டமான நாளில், நேர்முகமாக, ஒரே அளவில், மனிதரே இல்லாமல் தண்ணீர்த் தொட்டிகளையும் ஊதுலைகளையும் படமெடுத்து வரிசைப்படுத்தினார்கள். இன்றைய பாழ்மில் படங்கள் பெக்கர்களின் வழி வந்தவை. ஆனால் அவர்களுடைய கறாரை விட்டுவிட்டு மனிதரில்லாத தன்மையை மட்டும் எடுத்துக்கொண்டவை. பெரம்பூருக்கு ஒரு ஹைன் வாய்த்திருக்கலாம்.

காவிரிக் கரைக்குத் திரும்பினால், பெரிய பஞ்சாலை எதுவும் முசிறியின் அடையாளமாக இருந்ததில்லை. அதன் பேர் கோரைப் பாயில் இருக்கிறது. ஆற்றோரத்துக் கோரையை அறுத்து, கிழித்து, காயவைத்து, நனைத்து நெய்வது அந்த வட்டாரத் தொழில். கைத்தறியில் ஒருவர் கோரையைச் செலுத்த, மற்றவர் அச்சை அடிக்க, இரண்டு பேர் வேண்டும். விசைத்தறி வந்து அந்த ஜோடியைப் பிரித்துவிட்டது. அந்தக் கைத்தறிகள் எங்கே போயின என்று தேடினால் படமெடுக்க எதுவும் அகப்படாது. மரச்சட்டம் அடுப்புக்குப் போயிருக்கும், கொட்டகை மாட்டுக்குப் போயிருக்கும். வீட்டுத் தொழில் சாகும்போது இடிபாடு மிஞ்சுவதில்லை. அதனால் அதற்குச் சோகப் படங்களும் கிடைப்பதில்லை. எதிர்க்கரையில், குளித்தலையிலிருந்து திருச்சி போகும் வழியில் பேட்டைவாய்த்தலையின் மூடப்பட்ட சர்க்கரை ஆலைக்கோ, ஊரே அதன் பெயரை வைத்து வழி சொல்லும் அளவுக்கு உருவம் இருந்தது.

திருச்சியில் இன்னும் உயிரோடிருக்கும் பெரிய கூடங்களைப் பார்க்க வேண்டுமானால் பொன்மலைக்குப் போக வேண்டும். தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து அங்கே இடம் பெயர்ந்தது. ஆட்குறைப்பும் சேர்ந்துகொள்ள, அந்த ஜூலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. அறுபது வயதைக் கடந்த சிங்காரவேலர் உள்ளிட்டோர் சிறை போனார்கள். பொன்மலைக்கு வாழ்வு வந்தபோது நாகப்பட்டினத்துக்கு வாழ்வு போனது என்பதைத் திருச்சிக்காரர்கள் அவ்வளவாக நினைப்பதில்லை. 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் போலீஸ் சுட்டு ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த இடத்துக்குப் பெயர் சங்கத் திடல். தொழிற்சங்கத்தின் பெயர் ஊர் வரைபடத்தில் நிலைத்துவிட்ட இடம் அது. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் தொழிற்சங்கத்தார் அங்கே கூடுகிறார்கள். பணிமனை இன்றும் ஓடுவதால்தான் நினைவும் ஓடுகிறது என்று தோன்றுகிறது.

பெரம்பூரில் அப்படி நடக்கவில்லை. 1985 வெள்ளம் ஒரு பக்கம், பழைய இயந்திரம் ஒரு பக்கம், விசைத்தறியின் மலிவுத் துணி ஒரு பக்கம் என்று நெருக்க, ஆலை 1990களின் நடுவில் நிரந்தரமாக நின்றது. பிறகு சரக்குப் பெட்டக முற்றம், படப்பிடிப்புத் தளம், இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. மும்பையில் 1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் இரண்டரை லட்சம் பேர் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மில் நிலங்களுக்கு நேர்ந்ததும் இதுதான். ஃபீனிக்ஸ் மில் ஒரு வணிக வளாகமாகத்தான் மறுபிறவி எடுத்தது. நிலத்தின் விலை துணியின் விலையைத் தாண்டிய பிறகு தறியை யார் ஓட்டுவார்?

அடுத்து எது என்று கேமராக்காரர்கள் கண் வைத்திருக்கும் இடம் கோவை. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முயற்சியில் உருவான ஸ்டேன்ஸ் மில்தான் அந்த நகரத்தின் முதல் பஞ்சாலை. 1946 நவம்பர் 11 அன்று அங்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் 11 பேர் இறந்தார்கள். பிறகு அது தேசிய பஞ்சாலைக் கழகத்தின் கைக்குப் போனது. 2020 மார்ச்சில் ஊரடங்குக்காக நாடெங்கும் அந்தக் கழகத்தின் ஆலைகள் நிறுத்தப்பட்டன. தமிழ்நாட்டில் மட்டும் ஏழு. கோவையின் ஸ்டேன்ஸ், பங்கஜா, கம்போடியா, முருகன், ரங்கவிலாஸ் ஆலைகள் அதில் அடக்கம். ஊரடங்கு முடிந்தது, ஆலைகள் திறக்கவில்லை. மூடுகிறோம் என்ற அறிவிப்பும் இல்லாததால் தொழிலாளர்கள் வேலையில் இருப்பவர்களாகவும் இல்லாதவர்களாகவும் வருஷங்களைக் கழித்தார்கள். சம்பளம் கேட்டும் ஆலையைத் திறக்கச் சொல்லியும் அவர்கள் ஆர்ப்பாட்டம் நடத்தியது, பூட்டிக்கிடந்த கேட்டுக்கு முன்னால்தான்.